கைக்கு அடக்கமான துப்பாக்கி எது?

செமினியில் அப்பாவோடு சேர்ந்து நகைக்கடை நடத்தும் 27 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தம்பி என்றே அழைக்கிறேன். தீபாவளிக்கு முந்திய வாரம், கடை அடைக்கும் நேரத்தில், தலைக்கவசம் கழற்றாத இருவர் பாராங்கோடு உள்ளே நுழைந்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியை உடைத்து, கைக்கு எட்டியதை அள்ளிக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டார்கள். தடுக்கப்போன அப்பாவின் முன்கையில் ஒன்பது தையல். இப்போது இரும்புக் கதவை இழுத்துப் பூட்டும்போதெல்லாம் அவர் கை நடுங்குகிறதாம்.

அதன் பிறகு வருகிறது கேள்வி. "ஹூஸ்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன் இடுப்பில் சின்ன பிஸ்டல் வைத்திருக்கிறான். சட்டைக்கு உள்ளே இருப்பதே தெரியாது. க்ளாக் நல்லதா, சிக் சாவர் நல்லதா, வால்தர் நல்லதா? இங்கே லைசென்ஸ் எடுக்க என்ன வழி?"

30 ஆண்டுகள் காவல்துறைச் சீருடை அணிந்து, ஓய்வு பெற்று காஜாங்கில் இருப்பவன் நான். "அதெல்லாம் வேண்டாம் தம்பி" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். பயந்துபோயிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது பதில் ஆகாது. அதனால் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். கேட்காததைப் பிறகு சொல்கிறேன்.

சின்னது, ஆனால் சுலபமில்லை

உடம்போடு மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கி என்பது முழுக்க முழுக்க ஒரு பேரம். ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

இந்த வகையில் மூத்தவற்றில் ஒன்று 1931-இல் ஜெர்மனியில் வந்த வால்தர் பிபிகே. ஜேம்ஸ் பாண்ட் படங்களால் உலகத்துக்கே தெரிந்த துப்பாக்கி. தட்டையானது, கோட்டுப் பைக்குள் அடங்கும். ஆனால் .380 ரகத்தில் அதன் மேகசின் 6 தோட்டாதான் கொள்ளும். ஆஸ்திரியாவின் க்ளாக் 19 1988-இல் வந்தது. குழாய் நீளம் 102 மில்லிமீட்டர், மேகசினில் 15 தோட்டா. பல நாட்டுக் காவல்துறைகள் எடுத்துக்கொண்ட நடுத்தர அளவு இது. 2015-இல் வந்த க்ளாக் 43 மிக ஒல்லி. சட்டைக்குள் வைத்தால் புடைக்காது. அதற்கு விலை, மறுபடியும் 6 தோட்டா. 2018-இல் வந்த சிக் சாவர் பி365 கிட்டத்தட்ட அதே சின்ன உடலுக்குள் 10 தோட்டாவை அடுக்கிக் காட்டியது. எடை அரைக்கிலோ அளவுதான். மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் இறங்கின.

தாளில் பார்த்தால் கடைசியில் சொன்னதுதான் வெற்றிபெற்றது போல இருக்கும். கையில் பிடித்துச் சுடும்போது கணக்கு மாறும். தோட்டா முன்னால் போனால் துப்பாக்கி பின்னால் உதைக்கும். தோட்டா அதே 9 மில்லிமீட்டராக இருந்து துப்பாக்கியின் எடை மட்டும் குறைந்தால், உதை கூடும். கிள்ளான் துறைமுகத்தில் பெரிய படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு அசையாது. சம்பானிலிருந்து தாவினால் சம்பான் பின்னால் ஓடும், நீங்கள் தண்ணீரில் கிடப்பீர்கள். சின்னத் துப்பாக்கி அந்தச் சம்பான் மாதிரி. முதல் குண்டுக்குப் பிறகு கை மேலே எகிறும். சுண்டுவிரலுக்குப் பிடி இருக்காது. இரண்டாவது குண்டு எங்கே போகும் என்பது பழக்கத்தைப் பொறுத்தது.

குறி பார்ப்பதும் அப்படித்தான். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 15 சென்டிமீட்டர் இருக்கும் துப்பாக்கியில், உங்கள் கை 1 மில்லிமீட்டர் தவறினால், 7 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறக்குறைய 4.7 சென்டிமீட்டர் விலகும். இடைவெளி 11 சென்டிமீட்டர் என்றால் 6.4 சென்டிமீட்டர் விலகும். அமைதியான சுடுதளத்தில் 1 மில்லிமீட்டர். பாராங் பிடித்தவன் எதிரே நிற்கும்போது எத்தனை மில்லிமீட்டர் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆக, தம்பியின் கேள்விக்கு நேரடிப் பதில் இது. மறைக்கச் சுலபமான துப்பாக்கி சுடக் கடினமானது. புதிதாக வாங்குகிறவர்கள் சின்னதைத் தேடிப் போகிறார்கள். சின்னதோ நன்றாகத் தேர்ந்த கைக்குத்தான் வசப்படும். அந்தத் தேர்ச்சி மாதாமாதம் சுட்டுப் பழகினால்தான் நிற்கும். ஹூஸ்டனில் அது ஒரு கார்ப் பயணம். இங்கே ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு.

ஒன்றரை விநாடி

1983-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறைப் பயிற்றுநர் டென்னிஸ் டூலர் ஒரு கட்டுரை எழுதினார். கத்தி ஏந்திய ஒருவன் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட, பயிற்சி பெற்ற காவலருக்கும் கிட்டத்தட்ட அதே நேரம் ஆகிறது. இதுதான் அவர் சொன்னது. உலகம் முழுவதும் காவலர்களுக்கு இன்றும் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இப்போது உங்கள் கடையின் வாசலிலிருந்து கல்லாப்பெட்டி வரை நடந்து அளந்து பாருங்கள். நம் கடைத்தெருக்களில் பல கடைகளில் அது 21 அடிகூட இருக்காது. தம்பியின் துப்பாக்கி உறையில்கூட இல்லை. சட்டைக்குள், இடுப்புப் பட்டைக்குள் இருக்கிறது. முதலில் சட்டையைத் தூக்க வேண்டும்.

இதை நம் நாடே துயரத்தோடு பார்த்தது. 2024 மே 17 அதிகாலை, ஜொகூர் உலு திராம் காவல் நிலையத்துக்குள் பாராங்கோடு ஒருவன் புகுந்தான். ஒரு காவலரை வெட்டிச் சாய்த்து, அவருடைய துப்பாக்கியையே பறித்து இன்னொரு காவலரைச் சுட்டான். இருவரும் உயிரிழந்தார்கள். மூன்றாவது காவலர் காயத்தோடு திருப்பிச் சுட்டு அவனை வீழ்த்தினார். அந்த இருவரும் பயிற்சி பெற்றவர்கள். சீருடையில், சொந்த நிலையத்தில், கடமையில் இருந்தவர்கள். அவர்களுக்கே அப்படி நேர்ந்தது என்றால், கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு என்ன நேரம் கிடைக்கும்? துப்பாக்கி கடைக்குள் வந்துவிட்டால், அது யார் கையில் முடியும் என்பது உறுதியில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

இனி லைசென்ஸ். நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமையாகக் கொடுக்கப்பட்டதல்ல. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி மாநிலக் காவல்துறைத் தலைவர் கொடுக்கும் அனுமதி அது. பன்றியும் குரங்கும் விரட்டத் தோட்டக்காரர்களுக்கு வேட்டைத் துப்பாக்கி கிடைப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி என்பது வேறு கதை. உயிருக்கு உண்மையான, குறிப்பான அச்சுறுத்தல் இருக்கிறது என்று காவல்துறை நம்ப வேண்டும். "ஒருமுறை கொள்ளை போனது, இனியும் போகலாம்" என்ற பொதுவான பயம் அதற்குப் போதாது. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் அவர்களால் முடியும்.

லைசென்ஸ் இல்லாமல் "எல்லைப் பக்கத்திலிருந்து ஒன்று வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்தக் கணக்கு:

1960 ஆயுதச் சட்டம், பிரிவு 8: அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

1971 துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டம், பிரிவு 8: சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி.

அதே 1971 சட்டம், பிரிவு 3: கொள்ளை போன்ற குற்றத்தின்போது உயிரைப் பறிக்கவோ காயப்படுத்தவோ துப்பாக்கியால் சுட்டால், யார்மேலும் படாவிட்டாலும், முன்பு கட்டாய மரண தண்டனை. 2023 ஜூலை 4 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி மரண தண்டனை, அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையோடு பிரம்படி.

பொம்மை என்று இணையத்தில் விற்கிறார்களே என்று சிலர் கேட்பீர்கள். அசல் போலத் தோன்றும் போலித் துப்பாக்கிக்கும் ஆயுதச் சட்டம் பிரிவு 36-இல் ஓராண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம் இருக்கிறது. காற்றுத் துப்பாக்கியும் சட்டத்தின் பார்வையில் ஆயுதம்தான். பிள்ளைகள் ஆசைப்பட்டு ஆர்டர் போடும்முன் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. காரின் இருக்கைக்கு அடியில் ஒரு பாராங் வைத்திருப்பதை நம்மில் பலர் சாதாரணமாக நினைக்கிறோம். 1958-ஆம் ஆண்டின் அபாய ஆயுதச் சட்டத்தில் பிரிவு 6, பொது இடத்தில் தகுந்த காரணமின்றி அப்படி வைத்திருப்பதற்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், பிரம்படியும் சொல்கிறது. தேங்காய் வெட்டத்தான் வைத்திருந்தேன் என்பதை நள்ளிரவுச் சாலைத் தடுப்பில் விளக்குவது கடினம்.

ஒரு ரிவால்வர், ஆறு தோட்டா

இவ்வளவு கடுமை ஏன் என்று இளைஞர்கள் கேட்கலாம். பதில் நம் சொந்த வரலாற்றில் இருக்கிறது.

1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்று விதி வந்தது. அந்த விதியில் சிக்கியவர்களில் ஒருவர் மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மண்ணில் பிறந்து இங்கே பாட்டாளிகளுக்காக நின்றவர். ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் அவரிடம் இருந்தன என்பதே குற்றச்சாட்டு. அவர் யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை. நேருவின் இந்திய அரசு தலையிட்டும் பயனில்லை. 1949 மே 4 அன்று புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் அரசியலை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் உண்டு. அந்த நாளில் ஒரு தமிழனின் உயிருக்கு விலை ஒரு கைத்துப்பாக்கியாக இருந்தது என்பதை மறுக்க யாருமில்லை.

காஜாங் வட்டாரம் அந்த ஆண்டுகளில் நெருப்பின் நடுவே இருந்தது. இங்குள்ள காட்டுப்படையின் தாடிக்காரத் தளபதி லியூ கோன் கிம்மை பிரிட்டிஷ் சஃபோக் படைப்பிரிவு 1952 ஜூலையில்தான் சுட்டு வீழ்த்தியது. தோட்டத்து லயங்களில் இருந்த நம்மவர்கள் இரு பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் நடுவில் வாழ்ந்தார்கள். இரவில் ஒரு பக்கம், பகலில் இன்னொரு பக்கம். அவசரகாலம் முடிந்தது 1960 ஜூலை 31. ஆயுதச் சட்டம் பிறந்ததும் அதே ஆண்டு. துப்பாக்கி நிறைந்த 12 ஆண்டுகளைப் பார்த்த தலைமுறை எழுதிய சட்டம் அது. அந்த வயதான கைகள்தான் இன்றும் நம்மைத் தடுத்து நிறுத்துகின்றன.

வேறு வழி எடுத்த நாடுகள்

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் தனியாருக்குத் தற்காப்பு லைசென்ஸ் கிடைக்க வழி உண்டு. 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. எடை அரைக்கிலோ. பெண்களின் கைப்பையில் வைக்க வசதியானது என்று விளம்பரம். டில்லிப் பேருந்துக் கொடுமைக்குப் பிறகு வந்ததால் பெயரே அந்த நினைவைச் சுமந்தது. விலை 1,22,000 ரூபாய்க்கு மேல். யாருக்குப் பாதுகாப்பு தேவையோ அவர்களால் வாங்க முடியாத விலை என்று அங்குள்ள பெண்கள் அமைப்புகளே கேட்டன.

விலையை விடுங்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெண்களுக்கு அதிகம் நடப்பது பறிப்புத் திருட்டு. மோட்டார் சைக்கிளில் வருகிறவன் முதலில் பறிப்பது எதை? அந்தக் கைப்பையைத்தான். உள்ளே துப்பாக்கி இருந்தால் அன்று இரவு அது திருடன் கையில் இருக்கும்.

தம்பியின் சித்தப்பா மகன் இருக்கும் டெக்சாஸில், 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அவர் செய்வது அங்கே சட்டப்படி சரி. அவர் வீடு அதனால் பாதுகாப்பாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. கலிபோர்னியாவில் ஒரு கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2022-இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் கொலையுண்டு இறப்பது, துப்பாக்கி இல்லாத வீட்டாரைவிட இரண்டு மடங்குக்கு மேல். கணவன் அல்லது துணைவர் கையால் சுடப்பட்டு இறப்பது சுமார் 7 மடங்கு. வெளியாள் வந்து சுடும் ஆபத்தை அந்தத் துப்பாக்கி குறைத்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் சண்டை நடக்கும் நாள், கடன் தொல்லை முற்றும் நாள், பிள்ளை அலமாரியைத் துழாவும் நாள். கொள்ளையன் வரும் நாளைவிட இந்த நாட்கள்தான் குடும்பங்களில் அதிகம். துப்பாக்கி அந்த நாட்களிலும் வீட்டில்தான் இருக்கும்.

கையில் ஒன்றுமில்லையா?

இருக்கிறது. நம் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால், தாக்குகிறவனைத் தடுக்கும்போது அவன் இறந்தே போனாலும் சட்டம் உங்களைக் காக்கலாம். கொள்ளைக்கும் இரவில் வீடு உடைப்பதற்கும் எதிராக உடைமையைக் காக்கும் உரிமையும் உண்டு. எல்லை ஒன்றுதான். தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. நகையை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தூரத்தில் போய்விட்டவனை முதுகில் தாக்கினால், அந்த உரிமை அங்கே உங்களுக்குக் கைகொடுக்காது. துப்பாக்கி வைத்திருப்பவர் தவறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கையில் இருப்பது எட்டும் தூரத்தை நீட்டுகிறது. கோபம் அடங்க எடுக்கும் நேரத்தை அது நீட்டுவதில்லை.

தம்பிக்கு நான் சொல்வது இவை:

கடைக்கு இரட்டைக் கதவு போடுங்கள். உள்ளிருந்து பொத்தான் அழுத்தினால்தான் இரண்டாவது கதவு திறக்க வேண்டும். தலைக்கவசம் கழற்றாதவருக்குத் திறக்காதீர்கள். 21 அடியைக் கொடுக்கப் போவது அந்தக் கதவுதான்.

கடை அடைப்பதை ஒருவர் மட்டும் செய்ய வேண்டாம். நேரத்தைத் தினமும் கொஞ்சம் மாற்றுங்கள். நகையை அடைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டகத்துக்கு மாற்றத் தொடங்குங்கள்.

பக்கத்துக் கடைகளோடு சேர்ந்து ஆபத்து மணி வையுங்கள். வட்டாரக் காவல் நிலையத்தில் பெயர் சொல்லி அறிமுகமாகுங்கள். ரோந்து வண்டி உங்கள் வரிசைக்கு வர எந்த நேரம் உதவும் என்று கேளுங்கள். கேட்பவர்களுக்குச் சொல்வார்கள். குடியிருப்பில் ருக்குன் தெத்தாங்கா இருந்தால் பெயர் கொடுங்கள்.

காப்புறுதியில் கொள்ளை சேர்ந்திருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். நகைக்குக் காப்புறுதி இருந்தால் பாராங்கின் முன் கையை நீட்ட வேண்டிய அவசியம் இல்லை. அப்பாவின் கையில் தையல் விழுந்தது நகையைக் காக்கப் போனதால்தானே?

துப்பாக்கிமேல் உண்மையான ஆர்வம் இருந்தால் சுபாங்கில் தேசியச் சுடுதளம் இருக்கிறது. சுடுதல் சங்கத்தில் சேர்ந்து விளையாட்டாகக் கற்கலாம். எட்டு மாதக் கர்ப்பிணியாக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் நின்ற நூர் சுர்யானி தைபி நம் நாட்டுப் பெண்தான். அங்கே துப்பாக்கி சுடுதளத்து விதிகளுக்குள் இருக்கும். வீட்டுக்கு வராது.

கடைசியாக, அப்பாவின் நடுக்கம். இரும்புக் கதவை இழுக்கும்போது நடுங்குவது கை மட்டும் அல்ல. கொள்ளைக்கு ஆளானவர்களைப் பல ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்தவன் சொல்கிறேன், இது பலவீனம் இல்லை. மனத்தில் நடந்த காயம். தையல் பிரித்த பிறகும் அது ஆற நாளாகும். சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பேசலாம். மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். அதைவிட முதலில், இந்த மாதம் கதவை நீங்கள் இழுங்கள். அப்பா பக்கத்தில் நின்று பூட்டட்டும். இடுப்பில் இருக்கும் துப்பாக்கி உங்களுக்குத் தைரியம் தரலாம். அவருக்கு இனி ஒவ்வொரு மாலையும் இரண்டு பயமாகிவிடும், கடைக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று.

க்ளாக்கா, சிக் சாவரா, வால்தரா? கதவுக்காரரைக் கூப்பிடுங்கள் தம்பி.

அடுத்த வாரம்: வாசல் கேமராவில் பதிவானதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது எப்படி?